பரிமாற்றம் அல்ல, விசைகடத்தி

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளைப் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் 'தானியங்கிப் பரிமாற்றம்' என்றே வந்து விழுகிறது. இப்போது 'பள்ளிப் பேருந்தின் தானியங்கிப் பரிமாற்ற உணரிப் பழுது கண்டறிதல்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பு வரைக்கும் வந்தாயிற்று. ராமநாதபுரத்தில் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள். பேங்க் விஷயமா என்றுதான் கேட்பார்.

மூலச் சொல் டிரான்ஸ்மிஷன். லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'மிட்டெரே' என்றால் அனுப்பு. எஞ்சின் சுற்றும் சுற்றை, வேகத்தையும் முறுக்கையும் தேவைக்கு ஏற்ப மாற்றிச் சக்கரத்துக்கு அனுப்பி வைக்கும் உறுப்புக்கு அந்தப் பெயர். அவ்வளவுதான், இதில் சிக்கல் ஒன்றுமில்லை.

சிக்கல் 'பரிமாற்ற'த்தில் இருக்கிறது. கருத்துப் பரிமாற்றம், பணப் பரிமாற்றம், கைதிகள் பரிமாற்றம் என்று எங்கே பார்த்தாலும் இரண்டு தரப்பு உண்டு. இவர் கொடுக்க அவர் வாங்குவார், பெரும்பாலும் அவரும் ஏதாவது திருப்பிக் கொடுப்பார். கியர் பாக்ஸில் யார் யாரிடம் எதைக் கொடுத்து எதை வாங்குகிறார்கள்? எஞ்சின் தள்ளுகிறது, சக்கரம் ஓடுகிறது.

'பரிமாறு' என்றால் பந்தியில் சோறு வைப்பதுதானே, அது ஒருவழிதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் பந்தியில் நடப்பதைப் பரிமாறல் என்கிறோமே தவிர, சாம்பார்ப் பரிமாற்றம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களும் எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டன. இன்னொரு வாதமும் உண்டு. பாம்பன் சாலைப் பாலத்தின் நடு உயரத்திலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. அப்படியானால் இருபக்கமும் போகிறதே, பரிமாற்றம்தானே? இல்லை. அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போகிறது. ஒரே பாதையில் காலையில் போன பஸ் மாலையில் திரும்புவதை யாரும் பஸ் பரிமாற்றம் என்பதில்லை.

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கண்டக்டர் என்ற சொல்லைப் பாருங்கள். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தால் நடத்துநர், இயற்பியல் பாடத்தில் செம்புக் கம்பி என்றால் கடத்தி. யாருக்கும் குழப்பமில்லை. டிரான்ஸ்மிஷனையும் தமிழ் ஏற்கெனவே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. வானொலிக்கு ஒலிபரப்பு, நோய்க்குப் பரவல். உயரழுத்த மின்பாதைக்குத் தொடரமைப்பு. மின் தொடரமைப்புக் கழகம் என்று ஒரு அரசு நிறுவனமே இருக்கிறது. வண்டிக்கு மட்டும் ஏன், தரவுப் பரிமாற்றம் என்று பேசும் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து ஒரு சொல்லை இரவல் வாங்க வேண்டும்?

சரி, மாற்று என்ன? பேச்சில் 'கியர் பாக்ஸ்' இருக்கிறது, வெறும் 'பாக்ஸ்' என்றாலே போதும். "காக்கா (அண்ணே), பாக்ஸ் மாட்டிக்கிச்சு, ஒரே கியர்ல நிக்குது" என்று கீழக்கரையில் ஒரு டிரைவர் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். அதை மாற்றச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. எழுத்தில் 'பல்லிணைப் பெட்டி' என்பார்கள். பழைய கையால் போடும் கியருக்கு அது பொருத்தம். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எண்ணெய்தான் சுழன்று தள்ளுகிறது, பல்லே கிடையாது. அதையும் சேர்த்துச் சொல்ல 'விசைகடத்தி' என்பதே என் தேர்வு. கடத்து என்றால் கடக்கச் செய். லத்தீன்காரர் சொன்ன 'அப்பால் அனுப்பு' அப்படியே வந்துவிடுகிறது. விசையோ நம் ஊருக்குப் புதிதல்ல. ராமேஸ்வரம், மண்டபம் துறைகளில் நிற்பது விசைப்படகுதானே?

இதற்கு வரும் எதிர்ப்பு எங்கள் கடற்கரைக்கே உரியது. இங்கே கடத்தல் என்றதும் நினைவுக்கு வருவது கடல் அட்டை. 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம் என்பதால், கடல் அட்டை கடத்தல் இல்லாமல் உள்ளூர்ச் செய்தித்தாள் நகர்வதில்லை. விசைகடத்தி என்றால் படகைத் திருடியவனா என்று ஒரு நண்பர் கேட்டார். சிரித்தோம். ஆனால் வெப்பக் கடத்தி, மின்கடத்தி என்று படிக்கும் பள்ளிப் பிள்ளைகளை எந்தக் கியூ பிரிவுப் போலீஸும் தேடி வருவதில்லை.

சென்சாருக்கு 'உணரி' நல்ல சொல், அதில் சண்டையில்லை. தமிழ் எழுத்தில் திரைப்படச் சென்சாரும் வண்டிச் சென்சாரும் ஒன்றுபோலவே இருப்பதால், இதைத் 'தணிக்கை' என்று பெயர்த்த புண்ணியவான்களும் உண்டு. அவர்களை விட்டுவிடுவோம். உண்மையில் காசு கரைவது 'சர்க்யூட்' என்ற சொல்லை முழுங்கிவிடும்போதுதான்.

வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டினால் பி0717 என்று ஒரு கோடு, அதாவது பழுதுக் குறியீடு, வருகிறது என்று வையுங்கள். விசைகடத்திக்குள் நுழையும் சுழற்சியின் வேகத்தைச் சொல்லும் உணரியின் மின்சுற்றிலிருந்து (சர்க்யூட்) குறிகை (சிக்னல்) வரவில்லை என்று பொருள். பி0722 வந்தால் வெளியேறும் பக்கத்தில் அதே கதை. இதைத் தமிழில் 'வேக உணரி பழுது' என்று எழுதிவிட்டால், படிப்பவர் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போவார். புது உணரி வரும், மாட்டுவார், அதே கோடு மறுபடியும் வரும். ஏனென்றால் கம்ப்யூட்டர் உணரியைக் குற்றம் சொல்லவே இல்லை, சுற்றைச் சொன்னது. சுற்று என்றால் உணரி, ஒயர், கனெக்டர், கம்ப்யூட்டர் வரை எல்லாம் சேர்ந்தது. உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டரைத்தான். கழற்றினால் பின்னில் பச்சை பூத்திருக்கும். துடைத்து, ஒயரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, காந்தச் சுருள் வகை உணரி என்றால் அதன் ஓம் அளவைக் கம்பெனிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, அதற்கப்புறம்தான் உணரியை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

மொழிபெயர்ப்பவர் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படுத்தவர் ஒருவரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டலாம். அப்படிக் காட்டியிருந்தால் அந்தத் தலைப்பு 'பள்ளிப் பேருந்து: ஆட்டோ கியர் உணரிச் சுற்றில் கோளாறா?' என்று வந்திருக்கும். விசைகடத்தியைக் கூட அங்கே நான் வற்புறுத்த மாட்டேன். அதைக் கட்டுரைக்குள் வைத்துக்கொள்ளலாம்.