கண் மஞ்சளானதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

எச்.ஐ.வி. சிகிச்சையில் முதல் மருந்து பலிக்காமல் இரண்டாம் கட்ட மருந்துக்கு மாறியவர்களில் சிலர் நன்றாகத் தேறி வரும்போதே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். காரணம், கண் மஞ்சளாவது. வீட்டில் காமாலை என்று சொல்லி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் வைக்கிறார்கள். சேலத்தில் என்னிடம் வருகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளி அம்மா கேட்டார்: "நிறுத்துனதும் கண்ணு வெளுத்துப் போச்சுங்க டாக்டர். அப்ப மாத்திரைதானுங்களே கெடுதல்?" மஞ்சளுக்கு மாத்திரைதான் காரணம் என்பது சரி. ஆனால் அவருக்கு ஈரல் கெடவில்லை. அட்டாசனவிர் என்ற அந்த மருந்து, பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைக் கரையும் வடிவத்துக்கு மாற்றும் ஈரல் நொதியைக் கொஞ்சம் தடுக்கிறது. அதனால் ரத்தத்தில் பிலிருபின் ஏறிக் கண்ணில் தெரிகிறது. ஈரல் கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் அவருக்குச் சரியாகவே இருந்தன. நிறுத்திய இடைவெளியில் வைரல் லோடுதான், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவுதான், ஏறியிருந்தது.

ஏன் ஏறியது என்பதைச் சற்று விவரமாகவே சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டவர்கள் மாத்திரையை எளிதில் விடுவதில்லை.

வைரஸ் துகளின் உடம்பைக் கட்டுவது காக் என்ற புரதம். ஆயிரக்கணக்கான காக் புரதங்கள் நம் செல்லின் உட்சுவரில் வந்து ஒட்டி, நெருக்கமாக அடுக்கி, சுவரையே வெளியே தள்ளி ஒரு மொட்டாகின்றன. நம் செல்லின் சொந்தப் புரதங்களைக் கொண்டே அந்த மொட்டு அறுபட்டு வெளியேறுகிறது. அப்போது அது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டை. ஆனால் அந்த நிலையில் அதனால் யாருக்கும் தொற்றைக் கொடுக்க முடியாது.

நம் ஊர்த் தறிகளில் வேட்டியைத் தனித்தனியாக நெய்வதில்லை. ஒரே பாவில் நீளமாக நெய்து பிறகு வெட்டுகிறார்கள். காக்கும் அப்படி ஒரே நீளமாக வரும் புரதம்தான். அதை வெட்டும் கத்தரி புரோட்டியேஸ் என்ற நொதி. சுமார் இருபது காக்குக்கு ஒன்று என்ற கணக்கில், காக்-போல் என்ற நீண்ட புரதத்தின் பகுதியாக அதுவும் துகளுக்குள் வருகிறது. 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு பாதிகள் ஜோடி சேர்ந்தால்தான் வெட்டும். ஒரு பாதி மட்டும் பயன்படாது. வெட்டுவதிலும் ஒரு வரிசை உண்டு. வெட்டுப்பட்ட துண்டுகளில் ஒரு வகை உறையை ஒட்டி நிற்கும். இன்னொன்று மரபுப்பொருளைப் பிடித்துக்கொள்ளும். கேப்சிட் என்ற துண்டுகள் அதைச் சுற்றிக் கூம்பு வடிவக் கூட்டைக் கட்டும். இந்தக் கூடு உருவான பிறகுதான் துகள் அடுத்த செல்லைத் தொற்றும்.

அட்டாசனவிர் உட்காருவது அந்தக் கத்தரியின் வாயில். ஏற்கெனவே தொற்றிய செல்லை அது ஒன்றும் செய்யாது. அந்தச் செல்லிலிருந்து துகள்கள் வெளியேறலாம், ஆனால் முதிராமல் வீணாகும். மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்ததும் புதிய துகள்கள் மறுபடி முதிர ஆரம்பிக்கும். அரைகுறையாகச் சாப்பிட்டால் இன்னும் மோசம்: மருந்துக்கு வளைந்து கொடுக்காத வாய் கொண்ட கத்தரியுள்ள வைரஸ்கள் தேறிவிடும். 1995 கடைசியில் அமெரிக்காவில் முதல் புரோட்டியேஸ் தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கூட்டு மருந்துகளால் அங்கே எய்ட்ஸ் சாவு வெகுவாகச் சரிந்தது. இன்று அதே வகை மருந்து எச்.ஐ.வி. மருந்து தரும் நம் ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

வெறும் வயிற்றில் அட்டாசனவிரைப் போடாதீர்கள், சாப்பாட்டோடு போடுங்கள். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைத்து, மருந்து உடம்பில் சேராமல் செய்துவிடும். கேஸ் மாத்திரை அவசியம் என்றால் டாக்டரிடம் கேட்டு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கண் மஞ்சளானால் ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். மஞ்சள்காமாலைக் கிருமியும் இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும். கூடவே வாந்தி, காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்று வலி, சிறுநீர் அடர்நிறமாகப் போவது என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் "கண்ணுக்கு என்னாச்சு" என்று கேட்கிறார்களே என்ற சங்கடமும் பலருக்கு உண்டு. அது சின்ன விஷயமே அல்ல. நோயை மறைத்து வாழ வேண்டியிருக்கும் ஒருவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பயம் தரும் என்று எனக்குத் தெரியும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். டாருனாவிர், லோபினாவிர் என்று மாற்று மருந்துகள் இருக்கின்றன. மாற்றித் தரும்வரை கையில் இருப்பதை விடாமல் சாப்பிடுங்கள்.