மளிகைச் சிட்டையில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது

விலைவாசி ஏறும்போது குடும்பங்கள் முதலில் எதில் கைவைக்கின்றன என்பதை, மதுரையில் உணவியல் ஆலோசகராகப் பணிபுரியும் நான் தொடர்ந்து கவனித்துவருகிறேன். இரண்டு கிலோ துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோவாகிறது. முட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றாகிறது. பழம் வாங்குவது நின்றுபோகிறது. தட்டில் தனியாக இருந்த பொரியல் மறைந்து, குழம்பில் மிதக்கும் நான்கு துண்டுக் காய் மட்டும் எஞ்சுகிறது. அதே சிட்டையில் பிஸ்கட், நூடுல்ஸ், பாலில் கலக்கும் பொடி, குளிர்பானம், சிப்ஸ் ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் பிள்ளைகள் கேட்கும் பொருளை நிறுத்த எந்தத் தாய்க்கும் மனம் வருவதில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்ற முடிவு சரியானதே. ஆனால் குறைக்கப்படுவது உடலுக்கு வேண்டிய பொருளாகவும், நீடிப்பது வேண்டாத பொருளாகவும் ஆகிவிடுகிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களை இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் சென்ற மாத மளிகை ரசீதையும் கொண்டுவரச் சொல்கிறேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மறதியும் கூச்சமும் கலந்த பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ரசீதில் எண்ணெய் எத்தனை லிட்டர், சர்க்கரை எத்தனை கிலோ, பயறு எவ்வளவு என்பது தெளிவாக இருக்கும். நாடு முழுவதற்குமான நிலையும் இதிலிருந்து விலகியதல்ல. 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய நகர்ப்புறக் குடும்பங்கள் தங்கள் மொத்த நுகர்வுச் செலவில் 3.64 விழுக்காட்டைத் தானியங்களுக்கும், 10.64 விழுக்காட்டைப் பானங்கள், பதப்படுத்திய உணவுகள் அடங்கிய வகைக்கும் செலவிட்டன. கடையில் குடிக்கும் தேநீரும், வெளியே வாங்கிச் சாப்பிடும் சாப்பாடும் இந்த இரண்டாவது வகையில் சேரும் என்றாலும், பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அது காட்டுகிறது.

எது போதுமானது என்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்திருக்கும் ஒரு நாள் உணவுத் தட்டு. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்த புரத வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்பது அந்தக் கணக்கு. ஒரு நாளுக்கான இந்த அளவு வீட்டை நடத்துபவருக்கு அப்படியே பயன்படாது. நால்வர் உள்ள குடும்பத்தின் மாதச் சிட்டையாக மாற்றி எழுதிப் பார்க்கும்போதுதான் அது உண்மையான பொருள் கொள்கிறது. நால்வரும் பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குத் தானியம் 30 கிலோ, புரத வகை ஏறத்தாழ 10 கிலோ, எண்ணெய் சுமார் மூன்றரை லிட்டர் என்று வருகிறது. சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் குறையும்.

இந்த மூன்று எண்களை ரசீதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நான் பார்க்கும் ரசீதுகள் பலவற்றில் எண்ணெய் ஐந்து லிட்டரைத் தாண்டுகிறது, பருப்பும் பயறும் சேர்ந்து மூன்று நான்கு கிலோவில் நின்றுவிடுகின்றன. ஒன்றரை லிட்டர் எண்ணெயைக் குறைத்தால் மிச்சமாகும் பணத்தில் இரண்டு கிலோ பயறு வாங்க முடியும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டும்போது, அதுவரை தயங்கிய இல்லத்தரசிகளும் ஆர்வமாகக் கேட்கத் தொடங்குகிறார்கள். எண்ணெயைக் குறைக்க நான் சொல்லும் வழி எளிமையானது: மாதத் தொடக்கத்தில் அந்த மாதத்துக்கான எண்ணெயைத் தனியாக எடுத்துவைத்து, சட்டியில் புட்டியைக் கவிழ்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுவது. வடை, பூரி, அப்பளம் ஆகியவற்றைப் பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது உடலுக்குக் கேடு என்பதால், பொரிக்கும் நாள்களைக் குறைப்பதே இரண்டு வகையிலும் ஆதாயம்.

உப்புக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நால்வருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டம் ஆகியவற்றின் வழியே வரும் உப்பும் இதற்குள்தான் அடங்க வேண்டும் என்பதால், ஒரு கிலோ உப்புப் பொட்டலம் மாதம் முடியும் முன்னே தீர்ந்துவிடும் வீட்டில் இரத்த அழுத்தம் உள்ளவர் இருந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. இளஞ்சிவப்பு நிற இமயமலை உப்புக்குப் பல மடங்கு விலை கொடுக்கத் தேவையே இல்லை. தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் செறிவூட்டப்பட்ட உப்பு மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது, நமக்கு உண்மையில் குறைவாக உள்ள சத்துகளையும் தருகிறது.

பருப்பு விலை அதிகம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் தடை. முதலாவதாக, துவரம்பருப்பு ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்கு மாதம் ஒரு கிலோ கிடைக்கும்போது, அட்டை இருந்தும் அதை வாங்காத குடும்பங்கள் நகரங்களில் நிறைய இருக்கின்றன. வரிசையில் நிற்பதைக் கௌரவக் குறைவாக எண்ணுவதற்கு இதில் எதுவும் இல்லை. அது நம் வரிப்பணத்தில் நமக்காக வரும் பருப்பு. இரண்டாவதாக, புரதம் என்றாலே துவரம்பருப்பு என்று நாம் சுருக்கிக்கொண்டுவிட்டோம். நீர்த்த சாம்பாரில் ஒருவருக்குக் கிடைக்கும் பருப்பு இரண்டு தேக்கரண்டிகூட இருக்காது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, கொள்ளு ஆகியவற்றை முழுப் பயறாக வேகவைத்துச் சுண்டலாகவோ, கெட்டியான குழம்பாகவோ உண்ணும்போது ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி உள்ளே போகிறது, நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராமும், நிலக்கடலையில் 24 கிராம் அளவிலும் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறுகளில் நிறைவாக இருப்பதால், சோற்றோடு பயறு சேரும்போது இரண்டின் தரமும் உயர்கிறது. முந்தின இரவே ஊறவைத்துவிட்டால் எரிவாயுவும் மிச்சமாகும், வயிற்று உப்புசமும் குறையும்.

பிள்ளைகளின் மாலைத் தின்பண்டத்தில்தான் பணம் அதிகம் கரைகிறது என்பது என் அனுபவம். பள்ளி விட்டு வந்தவுடன் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும், பொடி கலந்த பாலும் என்ற பழக்கம் பல வீடுகளில் வேரூன்றிவிட்டது. பாலில் கலக்கும் இந்தப் பொடிகள் சிலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரையே இருக்கிறது. ‘ஆரோக்கிய பானம்’ என்ற வகைக்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தில் வரையறையே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அந்தப் பெயரின் கீழ் இத்தகைய பானங்களைக் காட்டக் கூடாது என்று மத்திய வணிக, தொழில் அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பாலை வெறும் பாலாகவே கொடுக்கலாம். அல்லது முளைகட்டி வறுத்த கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தின்பண்டத்துக்கு அவித்த வேர்க்கடலையோ, சுண்டலோ, கொய்யாவோ போதும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பாக்கெட் இல்லாவிட்டால் பசி வரும்போது தட்டில் இருப்பதைச் சாப்பிடப் பழகிவிடுகிறார்கள், பெரியவர்களும் அவர்களோடு உட்கார்ந்து அதையே சாப்பிட்டால் இன்னும் விரைவாகப் பழகுகிறார்கள்.

பொட்டலப் பொருள் வாங்கியே ஆக வேண்டிய இடத்தில் இரண்டு வரிகளை மட்டும் படியுங்கள். உள்ளடக்கப் பட்டியல் எடை அதிகமான பொருளிலிருந்து குறைவானதை நோக்கி எழுதப்பட வேண்டும் என்பது விதி. ‘சிறுதானிய நூடுல்ஸ்’ என்று முகப்பில் அச்சிட்ட பொட்டலத்தின் பின்புறத்தில் கோதுமை மாவோ மைதாவோ முதலிடத்தில் இருந்தால், நீங்கள் சிறுதானியத்தின் விலையில் மைதா வாங்குகிறீர்கள். மற்றொன்று அலகு விலை. குறிப்பிட்ட எடைகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்று இருந்த விதி நீக்கப்பட்டு, ஒரு கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதை அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிகபட்ச விலைக்கு அருகில் யு.எஸ்.பி. என்ற எழுத்துகளோடு சிறிதாக இருக்கும் அந்த எண்ணை ஒப்பிட்டால்தான், ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும் 910 கிராம், 850 கிராம் எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் எது உண்மையில் மலிவு என்பது தெரியும்.

சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரிந்தவுடன் மளிகைச் செலவு ஏறிவிடும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அண்மையில் வந்த ஒரு குடும்பத்தில், தந்தைக்கு நோய் உறுதியான மாதத்திலேயே ஓட்ஸ், சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கப்படும் பிஸ்கட், தனி அரிசி, தேனில் ஊறிய நெல்லிக்காய், ஆலிவ் எண்ணெய் என்று ரசீது நீண்டிருந்தது; ஆனால் மதியத் தட்டில் மூன்று கரண்டிச் சோறும் அரைக் கரண்டிப் பொரியலும் அப்படியே இருந்தன. அந்த பிஸ்கட்டிலும் மாவும் கொழுப்பும்தான் இருக்கின்றன, தேன் நெல்லியில் இருப்பதும் சர்க்கரையே என்பதை விளக்கி, அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, அதே புழுங்கலரிசிச் சோற்றைப் பாதியாக்கி, காயை இரண்டு மடங்காக்கி, ஒரு கிண்ணம் பயறு சேர்க்கச் சொன்னேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ‘இந்தியாப்’ (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள். பயத்தில் இருக்கும் இத்தனை பேருக்கும் ஏதேனும் ஒன்றை விற்க சந்தை காத்திருக்கிறது. அரிசியை முற்றிலும் விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் போதும் என்ற எண்ணமும் தவறு. சிறுதானியமும் மாவுச்சத்தே, அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். கம்பும் கேழ்வரகும் இன்றும் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன, வாரம் சில வேளைகளுக்கு அவை போதும்.

காய்கறியில் மட்டும் நான் செலவைக் கூட்டச் சொல்கிறேன். நால்வருக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் என்று கேட்டவுடன் எல்லோரும் மலைக்கிறார்கள். அந்த அளவை உடனே எட்ட முடியாவிட்டாலும் இப்போதுள்ளதை இருமடங்காக்குவதில் தொடங்கலாம். 1999 நவம்பரில் மதுரையில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தைகள் இதற்குப் பேருதவி. காலையில் அங்கே போய், விலைப் பலகையைப் பார்த்தபின் என்ன சமைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போகிறவர் அந்த நாளின் விலைக்குக் கட்டுப்பட்டவராகிவிடுகிறார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்க நேர்ந்தபோதும், புளி கரைத்த குழம்பும் எலுமிச்சை ரசமும் வைத்த வீடுகளுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் எட்டாத விலைக்குப் போகும். அப்போது சுரைக்காயும் முள்ளங்கியும் வாங்கலாம். முள்ளங்கியின் இலையைக் கிள்ளி எறியாமல் பொரியலாக்கினால் ஒரு விலைக்கு இரண்டு காய் கிடைத்ததாகும். ஆப்பிளைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள கொய்யாவும் பெருநெல்லியும் நம் ஊரிலேயே விளைகின்றன.

அசைவம் உண்பவர்கள் வஞ்சிரத்தையும் ஆட்டுக்கறியையும் மட்டும் நினைத்துக்கொண்டு விலை கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். மத்தியும் நெத்திலியும் ஒமேகா-3 கொழுப்பு மிகுந்தவை. நெத்திலியை முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறுவதால், அந்த இரண்டு மாதமும் நாமக்கல் முட்டையை நம்பலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது.

இவ்வளவையும் செய்த பிறகும் ஒரு தட்டு பின்தங்கிவிடுவதை நான் கவலையோடு பார்க்கிறேன். எல்லோருக்கும் பரிமாறி முடித்துக் கடைசியில் உண்ணும் பெண்ணின் தட்டில் சோறும் அடிமண்டிக் குழம்பும் மட்டுமே மிஞ்சுகின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வீட்டில் முட்டை மூன்றுதான் இருக்கிறது என்றால் நான்கு பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பொரியலை அடுப்பிலிருந்து இறக்கும்போதே சமைத்தவருக்கான பங்கைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். முருங்கைக்கீரையோ சுண்டலோ உண்ணும் வேளையில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உட்கிரகிக்கப்படும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைபடும். இந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குப் பைசா செலவில்லை.

மாசி, பங்குனியில் புதுப்புளியும் மிளகாய் வற்றலும் வரும்போதும், தைக்குப் பின் புதுத் துவரை வரத்து தொடங்கும்போதும் மொத்தமாக வாங்கிக் காயவைத்து எடுத்துவைப்பது லாபம். ஆனால் நிலக்கடலையையும் அரைத்த மாவு வகைகளையும் அப்படிச் சேர்த்துவைக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லடாக்சின் என்ற, கல்லீரலைக் கெடுக்கும் நச்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுவதுமாக நீங்காது. நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், மேலே சொன்ன பயறு, கீரை, பழ அளவுகளை அவர்களுக்கு அப்படியே பின்பற்றக் கூடாது. புரதமும் பொட்டாசியமும் அவர்களுக்கு அளந்தே தரப்பட வேண்டும். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கத் தொடங்கும் வாரத்தில் வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துவாருங்கள். மருந்தின் அளவையும் மாற்றவேண்டியிருக்கலாம், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.