நாலு சவரன் எடையில் ஓர் ஈயக் குண்டு

கோடை உழவின்போதும், மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாரும்போதும் டெல்டா மண்ணிலிருந்து என்னென்னவோ மேலே வரும். அதில் யாரும் மதிக்காத ஒன்று, வெள்ளை பூத்துப்போன சின்ன உலோக உருண்டை. பழைய இரும்புக் கடைக்குப் போனால் அது ஈய விலைக்கு உருகிவிடும். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. இந்த வயல்களில் நடந்த சண்டைகளுக்கு நேரடிச் சாட்சி என்று எஞ்சியிருப்பவற்றில் அந்த உருண்டையும் ஒன்று.

சண்டைகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தேவிகோட்டையை ஆங்கிலேயர் 1749-ல் பிடித்தார்கள். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டுவிட்டு வெறுங்கையோடு காரைக்காலுக்குத் திரும்பினார். 1773-ல் அதே தஞ்சாவூர் ஆற்காடு நவாபின் படையிடமும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடமும் விழுந்தது. 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கர்னல் பிரெய்த்வைட்டின் படையைக் கொள்ளிடக் கரையில் அன்னகுடியில் திப்பு வளைத்துப் பிடித்தார்.

சரி, கையில் கிடைத்த உருண்டை துப்பாக்கிக் குண்டுதானா? முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, அநேகமாக டிராக்டரிலோ பம்புசெட்டிலோ இருந்து விழுந்த பேரிங் குண்டாக இருக்கும். ஒட்டாமல், அளவுக்கு மீறிக் கனத்தால் ஈயம். மெட்டல் டிடெக்டர் இந்த இடத்தில் பாதி உதவிதான் செய்யும். அதன் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிரொலியைக் கருவி பிடிக்கிறது. உலோகம் இருப்பது தெரியும், இரும்பா இல்லையா என்று ஓரளவு தெரியும். அது வலை ஈயமா, குண்டா என்று கருவிக்குத் தெரியாது. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பு ஊறிய ஈர மண்ணே மின்சாரம் கடத்துவதால், ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தும்.

வலை ஈயம்தான் நம்மூரில் ஆளை அதிகம் ஏமாற்றும். வீச்சு வலையின் ஓரத்தில் கோத்த ஈயத்துக்கு நடுவில் கயிறு போகத் துளையோ மடிப்போ இருக்கும். குண்டுக்கு அது கிடையாது. குண்டில் இருப்பது, இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரி. அப்புறம், ஈயத்தை ஊற்றிய வாயில் எஞ்சிய காம்பை வெட்டிய தட்டையான தழும்பு. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இந்த இரண்டையும் விரல் நுனியால் தடவியே கண்டுபிடிக்கலாம்.

இனி எடை. இதற்கு நகைக்கடைத் தராசுதான் சரி. ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் மஸ்கட்டின் (குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடும் பழைய நீளத் துப்பாக்கி) குழல் சுமார் 19 மி.மீ. அகலம். அதற்கான குண்டு 17.5 மி.மீ.தான். கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும்; குண்டு இறுக்கமாக இருந்தால் சில தடவை சுட்டதுமே உள்ளே இறங்காமல் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த இடைவெளி. இந்தக் குண்டின் எடை சுமார் 32 கிராம், அதாவது நாலு சவரன். பிரெஞ்சு ஷார்ல்வில் மஸ்கட்டின் குழல் 17.5 மி.மீ., குண்டு 16 மி.மீ.யை ஒட்டியது, எடை 24 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று சவரன்!

எலும்பிலோ கல்லிலோ மோதி அப்பளமாய் நசுங்கிய குண்டை அளவுகோல் வைத்து அளந்து பயனில்லை. ஆனால் நசுங்கினாலும் எடை அப்படியே இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம் என்பதால், கிராமில் உள்ள எடையின் கனமூலத்தை 5.52-ஆல் பெருக்கினால் நசுங்குவதற்கு முன் இருந்த விட்டம் மி.மீ.யில் வந்துவிடும். 32-ன் கனமூலம் 3.175, விடை 17.5. அமெரிக்க விடுதலைப் போர் நடந்த மன்மத் போர்க்களத்தை ஆராய்ந்தவர்கள் இந்த வழியைப் பரவலாக்கினார்கள். பழைய போர்க்கள ஆய்வில் இதைவிட அழகான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு எச்சரிக்கை. 16 மி.மீ. என்றவுடன் பிரெஞ்சுக்காரன் சுட்டது என்று எழுதிவிடக் கூடாது. பிடிபட்ட துப்பாக்கி கைமாறும். நம் பாளையக்காரர், மராட்டியர் படைகளின் திரித் துப்பாக்கிகளுக்கு (எரியும் திரியால் மருந்தைப் பற்றவைப்பவை) ஒரே அளவு என்பதும் கிடையாது.

உருண்டையாகவே இருக்கும் குண்டு பெரும்பாலும் சுடாமல் கீழே விழுந்தது. ஆனால் டெல்டாவில் இதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்: சேற்றில் போய்ப் புதைந்த குண்டு அவ்வளவாக நசுங்காது. அதன் இடுப்பைச் சுற்றிக் குழல் அழுத்திய மங்கலான பட்டை தெரிகிறதா என்று பாருங்கள்; தெரிந்தால் சுட்டதுதான். பல் பதிந்த குண்டுகளும் உண்டு. வலியில் சிப்பாய் கடித்தது என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை பன்றி மென்றவை.

கூம்பு வடிவமாக இருந்தால் காலம் பின்னால் வந்துவிட்டது. அடியில் குழிவான, 14 மி.மீ. சொச்சம் உள்ள ஈயக் குண்டு 1853 என்பீல்டு துப்பாக்கி வகை. மருந்தின் அழுத்தத்தில் அந்தக் குழி விரிந்து குழலின் காடிகளை, அதாவது உட்சுவரில் சுற்றிச் செல்லும் பள்ளங்களைக் கவ்வும். நிக்கல் கலந்த செம்புத் தோல் போர்த்திய 7.9 மி.மீ. குண்டில் இடப்பக்கம் சாயும் ஐந்து காடித் தடங்கள் இருந்தால் லீ-என்பீல்டு, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு.

வெள்ளைப் பூச்சைச் சுரண்டாதீர்கள். அது ஈயக் கார்பனேட். உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் காப்பு, நமக்கு நஞ்சு. தண்ணீரில் மெல்ல அலசி நிழலில் காயவைத்தால் போதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எடுத்த இடத்தைப் போனின் ஜி.பி.எஸ்.ஸில் குறித்துவையுங்கள். விழுந்த குண்டுகள் ஓரிடத்திலும் நசுங்கியவை எதிர்ப்பக்கமும் கிடந்தால், சிப்பாய்களின் வரிசை எங்கே நின்றது, எந்தத் திசையில் சுட்டது என்று தெரியும். இடம் தெரியாத குண்டிடமிருந்து இதைப் பெறவே முடியாது.

பாதுகாக்கப்பட்ட கோட்டை, கோயில் வளாகங்களில் அனுமதியில்லாமல் தோண்டக்கூடாது. 1878 புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பித்தளைக் கூட்டோடு முழுத் தோட்டாவாகக் கிடைத்தால் மட்டும் அலசுவது, எடை போடுவது எதுவும் வேண்டாம். மருந்து இன்னும் வேலை செய்யலாம், உரிமமில்லாமல் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.