ராப்பெல்: கூப்பிட்டா திரும்பி வர்ற கயிறு

பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் சின்னம்மா மகன் காரைக்குடி வீட்டு வளவுல எல்லாரையும் உக்கார வச்சு ஒரு வீடியோ காட்டுனான். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல சயான் தேசியப் பூங்கான்னு இருக்கு, அங்க பைன் க்ரீக்ங்கிற இடத்துக்கு இவனும் கூட வேலை பாக்குற அஞ்சு பேருமா ஆறு தமிழ்ப் பசங்க போயிட்டு வந்திருக்காங்க. ரெண்டு பக்கமும் செவந்த பாறைச் சுவர், நடுவுல கைய விரிச்சா ரெண்டு பக்கமும் தட்டுற சந்து, அதுக்குள்ள கயித்துல தொங்கி இறங்குறாங்க, கீழ இருட்டா தண்ணி, அதுல இறங்கி நீந்தி அடுத்த பாறைக்குப் போனா மறுபடி கயிறு, மறுபடி தண்ணி, இப்படியே போகுது. "கேன்யனியரிங் போனோம், வரிசையா ராப்பெல், எல்லாமே ஐஸ் மாதிரி பூல்"னு அவன் சொல்லச் சொல்ல, எங்க ஆயா "என்னப்பு சொல்றே, நம்ம பேச்சுல சொல்லு"ன்னாக. எங்க யாருக்கும் சட்டுனு வார்த்தை வரல.

அவன் வாயால சொல்றத விட்டுட்டு கிணத்துக் கயித்த எடுத்துட்டு மாடிக்குப் போனான். முற்றத்தப் பாத்த மாதிரி இருக்குற தேக்குத் தூண்ல கயித்த முடிச்சு போடாம சும்மா சுத்தி, ரெண்டு முனையும் சமமா முற்றத்துல தொங்குற மாதிரி விட்டான் (யாரும் இறங்கல, கயித்துக்கு மட்டும்தான் வேலை). "இந்த ரெண்டு இழையையும் சேத்துதான் ஒவ்வொருத்தரா இறங்குவோம், கடைசி ஆளும் வந்ததும் இப்படி"ன்னு படி வழியா கீழ வந்து ஒரு முனைய இழுத்தான். இன்னொரு முனை விறுவிறுன்னு மேல ஏறி, தூணச் சுத்தி, மொத்தக் கயிறும் சரசரன்னு முற்றத்துக் கல்லுல வந்து குவிஞ்சுது. ஆயா மேல பாத்துட்டு "அப்ப மேல ஏறணும்னா என்னய்யா பண்ணுவீக?"ன்னு கேட்டாக. "முடியாது ஆயா, கயித்த இழுத்துட்டா முன்னாடி போயித்தான் வெளிய வரணும்"னான்.

அந்தச் சொல்லோட உயிரே ஆயா கேட்ட அந்தக் கேள்வியிலதான் இருக்கு. ராப்பெல் பிரெஞ்சுச் சொல், அதுக்கு அர்த்தம் "கயித்துல இறங்குறது" இல்ல, "திரும்பக் கூப்பிடுறது". கீழ இறங்குனவன் மேல இருக்குற கயித்தத் தன்கிட்ட திரும்பக் கூப்பிட்டுக்கிறான், அதான் ராப்பெல். லத்தீன்ல "அப்பெல்லாரே"ன்னா விளிச்சுக் கூப்பிடுறது, அதுலேர்ந்துதான் பிரெஞ்சுக்காரங்க கூப்பிடுறதுக்கு வச்சிருக்க சொல்லும் வந்துச்சு, நம்ம கோர்ட்டுல போடுற அப்பீலும் வந்துச்சு, ஒரு சட்டத்த வாபஸ் வாங்குறதுக்குச் சொல்ற ரிப்பீலும் இதே வயித்துல பொறந்ததுதான். இன்னைக்கும் பிரெஞ்சுல தடுப்பூசியோட பூஸ்டர் டோஸுக்கு ராப்பெல்னுதான் பேரு, நாடகம் முடிஞ்சப்புறம் கைதட்டி நடிகர்கள மேடைக்குத் திரும்ப வரவைக்கிறதுக்கும் அதே பேருதான். எல்லாத்துலயும் "மறுபடி வா"ங்கிறது உள்ள இருக்கு.

இந்த உத்திய 1876ல ழான் ஷார்லேன்னு ஒரு மலை வழிகாட்டி ஆல்ப்ஸ் மலையில, சமோனி பக்கத்துல இருக்குற ப்தி த்ரூ சிகரத்துல தனியா ஏறப் பாத்தப்போ கண்டுபிடிச்சதா மலையேற்ற வரலாறு சொல்லுது, 1879ல அதே சிகரத்துல ஏறியும் முடிச்சாரு. தனியாப் போனவருக்கு மேல நின்னு கயிறு அவுத்து விட ஆள் கிடையாது, கயித்த அங்கயே விட்டுட்டு வந்தா அடுத்த இறக்கத்துக்குக் கயிறு இல்ல, அந்த நெருக்கடியிலதான் இந்த யோசனை வந்திருக்கணும்னு எனக்குத் தோணுது.

பிரிட்டன்ல இதையே அப்சைல்னு சொல்றாங்க, அது ஜெர்மன், "அப்"னா கீழ, "சைல்"னா கயிறு. இதத் தமிழ்ல "கயிற்றிறக்கம்"னு சொன்னா கச்சிதமாப் பொருந்தும், பலரும் அப்படித்தான் எழுதுறாங்க. ஆனா ராப்பெலுக்கு அது பத்தாதுங்கிறது என் கருத்து. நம்ம ஊர்ல கிணத்துல தூர் வாற இறங்குறதும் கயிற்றிறக்கம்தான், ஆனா அங்க மேல ஆள் நின்னு கயித்தப் புடிச்சிருப்பாங்க, இறங்குனவரு வேலை முடிஞ்சதும் அதே கயித்துல மேல வருவாரு, கயிறு இருந்த எடத்துலயே இருக்கும். இங்க கயிறும் கூடவே வந்துருது, திரும்பிப் போற வழிய நாமளே நம்ம கையால இழுத்துடுறோம். அதனால நான் சொல்றது "மீள்கயிறு". மீள்பார்வை, மீள்குடியேற்றம்னு ஏற்கனவே புழக்கத்துல இருக்குற அதே மீள். "மூணாவது மீள்கயிறு கொஞ்சம் உயரம்"னு பேச்சுல சொல்லிப் பாருங்க, நாக்குல இடறல.

இனி கேன்யனியரிங், அதாவது இப்படி மலைச்சந்துக்குள்ள கயித்துல இறங்கி தண்ணியில நீந்திப் போறது. கேன்யன் ஸ்பானிஷ்லேர்ந்து வந்தது, குழாய்க்கு அவங்க சொல்ற சொல்லோட பெரிய வடிவம்னு பொதுவா சொல்றாங்க, அதுக்கும் மூலம் நாணலக் குறிக்கிற "கன்னா"ங்கிற லத்தீன் சொல். சுகர்கேன்ல இருக்குற கேன், பீரங்கிய சொல்ற கேனன், எல்லாம் அந்த நாணல் வம்சம்தான். அமெரிக்காவுல கேன்யனியரிங், ஐரோப்பாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் கேன்யனிங், தென்னாப்பிரிக்காவுல க்ளூஃபிங், அங்க மலைப்பிளவுக்கு க்ளூஃப்னு பேரு. அவங்க தங்களோட ஊர்ச் சொல்லையே எடுத்துக்கிட்டாங்க பாருங்க, நாமளும் அதத்தான் செய்யணும்.

பள்ளத்தாக்குன்னு எழுதுறது தப்பு இல்ல, ஆனா அதுல வயக்காடே இருக்கலாம், அவ்ளோ விசாலமான சொல். சங்கப் பாட்டுல மலைப்பிளவுக்கு "விடர்"னு அருமையான சொல் இருக்கு, ஆனா இன்னைக்கு யாரும் பேசல. பேசுற சொல் "கெவி". கொடைக்கானல் மலையில வெள்ளகெவின்னு ஊரே இருக்கு, அந்தப் பக்கம் ஆழமான மலைப்பள்ளத்த கெவின்னுதான் சொல்றாங்க. உயிரோட இருக்குற சொல்ல விட்டுட்டு ஏன் தேடணும், "கெவி இறக்கம்"னு வச்சுக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவது சொல். அந்த ஐஸ் மாதிரி பூலுக்கு முதல்ல குளம்னுதான் வாயில வந்துச்சு, ஆனா குளம் வெட்டுனது, ஊருணி குடிதண்ணிக்கு, கண்மாய் வயலுக்கு, செட்டிநாட்டுல பொறந்தவங்களுக்கு இந்த வித்தியாசத்தச் சொல்லித்தர வேண்டியதில்ல. பாறைக்குள்ள தேங்குன தண்ணிக்கு நம்மகிட்ட "சுனை" இருக்கு, ஊத்துத் தண்ணியானாலும் சரி, பாறைக்குழியில தங்குன மழைத்தண்ணியானாலும் சரி. அதுவும் நம்ம பிரான்மலை இருக்கே, பாரியோட பறம்பு மலைன்னு சொல்றமே, அந்தப் பறம்போட தண்ணியப் பத்தி குறுந்தொகை 196வது பாட்டுல "பாரி பறம்பிற் பனிச்சுனைத் தெண்ணீர்"னு வருது, தை மாசத்துல குளுந்து கெடக்குற தண்ணி. பனிச்சுனை! அவன் வீடியோவுல மூச்சத் திணறடிச்ச அந்தத் தண்ணிக்கு இதவிடப் பொருத்தமா ஒரு பேர் இருக்க முடியாது, அதுவும் அவன் வந்து நின்னது தை மாசம்.

அந்தக் குளிரு வெளையாட்டு இல்ல. அவ்ளோ ஒடுக்கமான சந்துல வெயில் அடிவரைக்கும் எறங்காது, வெளிய கோடை கொளுத்துனாலும் சுனை சில்லுனுதான் இருக்கும், காத்தவிட தண்ணி பல மடங்கு வேகமா ஒடம்புச் சூட்ட உறிஞ்சிரும். இறங்குன மொத செகண்ட்ல மூச்சு தானா உள்ள இழுக்கும், அப்போ வாய் தண்ணிக்குள்ள இருந்துட்டா ஆபத்து. அதுக்குத்தான் நியோப்ரீன் துணியில வெட்சூட் போடுறாங்க. இவங்கள்ல ஒரு பையன் "வெயில் காலந்தானே"ன்னு போடாமப் போயி, ரெண்டாவது சுனையிலயே பல்லு கிட்டி, வெரல் மடங்காம, கயித்துல கொக்கிய மாட்டவே இன்னொருத்தன் கை கொடுக்க வேண்டியதாயிருச்சாம், அத அவன் சொல்றப்ப சின்னம்மா முகமே மாறிப்போச்சு. இன்னொண்ணு காட்டாற்று வெள்ளம். தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கும், எங்கயோ மேல பெஞ்ச மழை சந்துக்குள்ள பாஞ்சு வரும். 2015 செப்டம்பர்ல அதே பூங்காவுல கீஹோல் கேன்யன்ல 7 பேர் அப்படித்தான் செத்துப்போனாங்க. மீள்கயித்த இழுத்தப்புறம் பின்வாங்க முடியாதுங்கிறதால, மொத கயித்துக்கு முன்னாடியே வானிலையப் பாத்து முடிவெடுத்தாகணும்.

பசங்க ஆறு பேரும் தமிழ்தான், ஆனா பாறைக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் கத்துறது பூரா இங்கிலீஷ்ல. கயித்த வீசறப்போ "ரோப்", இறங்கி கயித்தக் கழட்டுனதும் "ஆஃப் ரோப்". கூட்டமாப் போறப்போ இந்தக் குரல்கள் ரொம்ப முக்கியம், அது வராம மேல இருக்குறவன் கயித்தத் தொடக்கூடாது. கடைசிக்கு முந்துன ஆள் கீழேருந்து கயித்தக் கொஞ்சம் இழுத்துப் பாத்து, ஓடுதான்னு உறுதி பண்ணதுக்கப்புறம்தான் கடைசி ஆள் இறங்கணும், சிக்கிக்கிட்டா மேல போயி எடுத்துவிட ஆள் இருக்காது. இதுக்கெல்லாம் அவனும் நானும் திண்ணையில உக்காந்து சொல் போட்டோம். வீசறப்போ "கயிறு வருது", கழட்டுனதும் "கயிறு காலி", சோதிச்சுப் பாத்து சரியா இருந்தா "ஓடுது". "காலி" உருதுச் சொல்லாச்சேன்னு அவன் தயங்குனான், தண்ணி எரைச்சல்ல கா-லின்னு நீட்டிக் கத்துனா தெளிவாக் கேக்கும், அதனால இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். ஏப்ரல்ல மறுபடி போறாங்களாம், வெட்சூட் ஆறு பேருக்கும் இப்பவே எடுத்தாச்சு.