பார்பிக்யூ: பரணில் பிறந்த சொல்

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்ட சொல் 'பார்பகோவா'. அதுதான் பின்னால் பார்பிக்யூ ஆனது. அப்போது அது கறியின் பெயரே இல்லை. கால் நட்டு, மேலே குச்சிகளைப் பரப்பிக் கட்டிய தட்டு. நாம் பரண் என்போமே, அதேதான். அதன் கீழே தீ மூட்டி மீனையும் இறைச்சியையும் வாட்டினார்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, 1697இல் அச்சான பயண நூலில், தான் இரவு படுத்த 3 அடி உயரக் குச்சிப் பரணுக்கு இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். ஜமைக்காவில் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக்கும் பார்பிக்யூ என்றே பெயர்.

அப்புறம் பரணை விட்டு, அதில் வெந்த கறிக்கும், அதைத் தின்னக் கூடும் விருந்துக்கும் பெயர் தாவியது. 1769இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அலெக்சாண்டிரியாவில் ஒரு பார்பிக்யூவுக்குப் போய் இரவு முழுக்கத் தங்கியதாக ஜார்ஜ் வாஷிங்டன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 'தாடி முதல் வால் வரை' என்று பொருள்படும் 'பார்ப் ஆ க்யூ' என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆதாரம் கிடையாது.

டெக்சஸ்காரர்களிடம் இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கம்பி வலையில் பத்து நிமிடம் சுட்டதை பார்பிக்யூ என்றால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு அது முதலில் பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி. உப்பும் மிளகும் தடவி, தீ நேரே படாமல், ஓக் விறகின் சூட்டிலும் புகையிலும் 10 மணி நேரத்துக்கு மேல் கிடக்கும். அந்த முரட்டுத் தசை அப்போதுதான் இளகும். மேலே கரிபோல் பொருக்குத் தட்டியிருக்கும். வெட்டினால் அதற்கடியில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். லாக்ஹார்ட் போன்ற ஊர்களில் இந்த வழக்கத்தை வளர்த்ததில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய கசாப்புக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் கசாப்புத் தாளில் வைத்துத்தான் தருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் ஆட்டத்துக்கு இந்தக் கறி வேண்டுமென்றால் வியாழன் இரவே தீ மூட்டியாக வேண்டும். (நம் கால்பந்து அல்ல, தலைக்கவசம் போட்டு முட்டி மோதுவது.) இந்த ஆட்டத்தின் மேல் டெக்சஸில் இருப்பது சாதாரணப் பைத்தியமில்லை: அங்கே ஆலன் நகரத்துப் பள்ளிக்கு 2012இல் திறந்த மைதானத்தில் 18,000 பேர் உட்காரலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுட்ட கறி, சூட்டிறைச்சி என்கிறார்கள். 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்கிறது பொருநராற்றுப்படை. காழ் என்பது இரும்புக் கம்பி. கம்பியில் குத்தித் தணலில் சுட்ட கொழுத்த துண்டு. அது கபாபுக்குப் பக்கம், பிரிஸ்கெட்டுக்குத் தூரம். எனக்கு 'வாட்டு' பிடித்திருக்கிறது. வாழையிலையை அனலில் காட்டி வாட்டுகிறோம். கருகக் கூடாது, துவள வேண்டும். டெக்சஸ் கறியைப் புகைவாட்டுக் கறி எனலாம். விருந்தைச் சொல்லும்போது பார்பிக்யூ என்றே விட்டுவிடலாம், எல்லாருக்கும் புரிகிறது.