ஹீட்சிங்க்: உறிஞ்சியா, ஏற்பியா, வடிகாலா?

படம் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு கணினி. உள்ளே விசிறி கிடையாது, சுழலும் வட்டு கிடையாது. திரையில் இருவர் கிசுகிசுக்கும் காட்சியிலும் பெட்டியிலிருந்து ஒரு முனகல்கூட வரக்கூடாது. இப்படி ஒன்றைக் கட்ட உட்கார்ந்தவர்கள் செயலியைப் பற்றிப் பேசுவதைவிட அதன்மேல் உட்காரப்போகும் உலோகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். செயலியின் சூட்டைக் குறைக்க வைக்கும் அந்த உலோகத்துக்குப் பெயர் ஹீட்சிங்க். பேச்சில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. ‘வெப்ப உறிஞ்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘வெப்ப விழுங்கி’ என்றும் பார்த்திருக்கிறேன். இயந்திர மொழிபெயர்ப்பு ‘வெப்ப மூழ்கி’ என்று தந்து வைக்கும். இயற்பியல் படித்தவர்கள் ‘வெப்ப ஏற்பி’ என்பார்கள்.

இவற்றுள் எது சரி என்பது வெறும் சொல்லழகுப் பிரச்சினை அன்று. தவறான சொல்லை நம்பிக் கட்டிய பெட்டி நடுப்படத்தில் திணறும். எனக்கு அது நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மூலச்சொல். ‘சிங்க்’ என்ற ஆங்கில வினைக்குத் தாழ்தல், அமிழ்தல் என்று பொருள். ‘மூழ்கி’ பிறந்தது இந்த வினையிலிருந்துதான். ஆனால் ஹீட்சிங்கில் இருப்பது வினை இல்லை, பெயர். பெயர்ச்சொல்லாக ‘சிங்க்’ என்பது முதலில் கழிவுநீர் போய்ச் சேரும் குழியையும் சாக்கடையையும் குறித்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அந்தப் பெயர் வந்தது அதன் பின்னர். அந்தத் தொட்டியிலும் முக்கியமானது அடியில் இருக்கும் ஓட்டைதான். ஓட்டை அடைபட்ட தொட்டியை யாரும் பயன்படுத்த முடியாது.

வெப்பத்துக்கு நீரின் உவமை எப்படி வந்தது? 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ நீராவி இயந்திரங்களை ஆராய்ந்தபோது, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போவதை அருவிநீர் உயரத்திலிருந்து விழுவதோடு ஒப்பிட்டார். வெப்பம் ஒரு பாய்மம் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை பிற்பாடு பொய்த்துப் போனது; உவமை மட்டும் தங்கிவிட்டது. இன்றும் வெப்பம் ‘பாய்கிறது’ என்றுதானே எழுதுகிறோம்? மேட்டிலிருந்து பாய்வது பள்ளத்தில் போய்ச் சேர வேண்டும். அந்தப் பள்ளம்தான் சிங்க்.

இனி ‘உறிஞ்சி’. பஞ்சு உறிஞ்சும், ஒத்துத்தாள் உறிஞ்சும். உறிஞ்சும் பொருள் எதுவானாலும் ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும். உலோகமும் அப்படித்தான். ஒரு கிலோ அலுமினியத்தின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 900 ஜூல் வேண்டும். பெட்டியின் உலோகம் முழுவதும் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 1,800 ஜூல். உள்ளே 30 வாட் செலவாகிறது என்றால் நிமிடத்துக்கு 1,800 ஜூல் வெப்பம் பிறக்கிறது. ஆக அந்தப் பெட்டி வெப்பத்தை உறிஞ்ச மட்டும் செய்தால், ஒவ்வொரு நிமிடமும் 1 டிகிரி ஏறும். இரண்டு மணி நேரப் படம் முடியும்போது 120 டிகிரி ஏறியிருக்கும். எந்தச் செயலியும் அவ்வளவு தாங்காது. 100 டிகிரியை நெருங்கும்போதே பெரும்பாலான செயலிகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

நான் கட்டிய முதல் பெட்டியின் கதை இதேதான். கனமான அலுமினியக் கூடு, பக்கச் சுவர் முழுக்க வரிவரியாகத் தகடுகள். இவ்வளவு உலோகம் இருக்கிறதே, எல்லா வெப்பத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைத்துத் தொலைக்காட்சிக்குக் கீழே கதவு போட்ட அடுக்கில் வைத்து மூடிவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகு படம் விட்டுவிட்டு ஓடியது. ஒலி ஒருபக்கம், உதட்டசைவு ஒருபக்கம். கதவைத் திறந்து தொட்டால் கை வைக்க முடியவில்லை. பழுதான உதிரிப்பாகம் எதுவும் இல்லை. அதே பெட்டியைத் திறந்த அடுக்குக்கு மாற்றி, மேலே ஒரு சாண் இடம் விட்டு வைத்தேன். அன்றுமுதல் இன்றுவரை திணறியதில்லை. அந்த ஒரு மணி நேரம் உலோகம் உறிஞ்சியது. அதற்கு மேல் வெப்பம் போக வழியில்லாமல் தேங்கியது.

தேங்குவதற்கு எதிர்ச்சொல் தமிழில் கைவசம் இருக்கிறது: வடிதல். நீர் தேங்காமல் போக வெட்டும் வழிக்கு வடிகால் என்று பெயர். ஹீட்சிங்குக்கு நான் முன்வைக்கும் சொல் ‘வெப்ப வடிகால்’. இதைப் புதிதாக உருவாக்கிப் பழக்கப்படுத்த வேண்டியதில்லை. மனத்தில் அடைத்து வைத்த துயரத்துக்கு ஒரு வடிகால் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோமே! நீரிலிருந்து உணர்ச்சிக்குப் போன சொல் வெப்பத்துக்கு வரத் தயங்காது.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் பிடித்துப்போகிறது. வடிகால் ஒரு வினைத்தொகை: வடிந்த கால், வடிகின்ற கால், வடியும் கால். முக்காலமும் அதில் ஒளிந்திருக்கிறது. செயலி ஓடும் வரைக்கும் வடிந்துகொண்டே இருக்க வேண்டிய ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைக்காது. ‘கால்’ இங்கே வாய்க்காலில் வரும் கால், நீர் செல்லும் வழி. ஆனால் பழந்தமிழ்ச் செய்யுளில் கால் என்றால் காற்றும்கூட. ‘காலுதல்’ என்று ஒரு வினையும் உண்டு. வெளிவிடுதல், உமிழ்தல் என்று பொருள். நஞ்சு காலும் பாம்பு, ஒளி காலும் மணி. விசிறியில்லாப் பெட்டியில் வெப்பம் வெளியேறும் வழிகளை எண்ணிப் பாருங்கள். செயலியிலிருந்து உலோகத்தின் வழியே கடத்தப்பட்டு மேற்பரப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு பங்கைக் காற்று கொண்டுபோகிறது. மீதியை மேற்பரப்பே கதிராகக் காலுகிறது. வழி, காற்று, காலுதல். இந்தச் சொல்லை முதலில் வழங்கியவர்கள் கணினியை நினைத்திருக்கவே முடியாது. ஆனாலும் மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

காலுதல் என்றதும் ஒரு செய்தி. பளபளவென்று தேய்த்த அலுமினியம் மிகக் குறைவாகவே கதிர்வீசும். ஆனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய மேற்பரப்பு பல மடங்கு அதிகம் வீசும். கறுப்பு நிறம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறத்தைவிட மேலே படிந்த ஆக்சைடு படலத்துக்குத்தான் பங்கு பெரிது. வெள்ளி நிறத்தில் ஆனோடைஸ் செய்த கூடும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

வடிகால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அசையாக் காற்றில், கதிர்வீச்சையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 7, 8 வாட் அளவுக்கு வடிக்கும் என்று தோராயமாகக் கொள்ளலாம். 30 வாட்டை, அறையைவிட 20 டிகிரி மட்டும் கூடுதல் சூட்டில் வடிக்க, 0.2 சதுர மீட்டர் வேண்டும். ஏ4 தாள் மூன்றைப் பரப்பினால் வரும் இடத்தைவிடச் சற்று அதிகம். 17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் தாய்ப்பலகைக்கு (2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது) ஏற்ற சிறு பெட்டியில் இவ்வளவு பரப்புக்கு எங்கே போவது? அதனால்தான் ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்ற நிறுவனங்களின் கூடுகளில் பக்கச் சுவர்களையே மடிப்பு மடிப்பான தகடுகளாக அமைக்கிறார்கள். அங்கே வடிகாலுக்கு உள்ளேதான் கணினி குடியிருக்கிறது.

மடிப்புத் தகடுகளை ஆங்கிலத்தில் மீனின் துடுப்புப் பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் ‘துடுப்பு’ என்று எழுதினால் படகைத் தள்ளுவது போல அது காற்றைத் தள்ளும் என்று தோன்றிவிடும். நான் ‘இதழ்’ என்கிறேன். விசிறி உள்ள வடிகாலில் இதழ்களை 1, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கலாம், காற்றை உள்ளே திணிக்க ஆள் இருக்கிறது. விசிறி இல்லாததில் சூடான காற்று தானே மேலெழ வேண்டும். இடைவெளி 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை தேவை. இதழ்கள் செங்குத்தாகவும் நிற்க வேண்டும். பெட்டியைப் படுக்கப் போட்டால் இதழ்களுக்கு நடுவே காற்று தேங்கிவிடும்.

செயலியிலிருந்து சுவர்வரை வெப்பத்தைக் கொண்டுபோவது வெப்பக் குழாய். இந்தப் பெயர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உள்ளே நடப்பது பலருக்குத் தெரியாது. மூடிய செப்புக் குழாய்க்குள் காற்றை நீக்கிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் மிதமான சூட்டிலேயே அது ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே நீராகி, உட்சுவரின் திரி போன்ற அமைப்பு வழியாகத் திரும்பிவரும். 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டிய பிறகு விண்கலங்கள்வரை பரவியது. வெப்பம் நீர்போலப் பாயும் என்ற உவமை இந்தக் குழாயில் உவமையாக இல்லை. தண்ணீரே வெப்பத்தைச் சுமந்து ஓடுகிறது.

செயலிக்கும் அதன்மேல் உட்காரும் உலோகத்துக்கும் இடையில் தடவும் பேஸ்ட்டைப் ‘பசை’ என்பது எனக்கு உடன்பாடில்லை. பசை ஒட்ட வேண்டும். இது ஒட்டுவதற்கு இல்லை; இரண்டு உலோகப் பரப்புகளின் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவதற்கு. மெல்லத் தடவுவது களிம்பு. ‘வெப்பக் களிம்பு’ என்று எழுதுகிறேன். செம்பில் பிடிக்கும் பச்சைக்கும் களிம்பு என்ற பெயர் இருப்பதால், செப்புக் கட்டியைப் பற்றிய பத்தியில் மட்டும் கவனம் வேண்டும்.

வடிகாலுக்கு அடுத்தபடி குழப்பம் தரும் சொல், விசிறியில்லாமல் குளிர்விப்பதைக் குறிக்கும் ‘பாசிவ் கூலிங்’. ‘செயலற்ற குளிர்விப்பு’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு ஏதோ பழுதாகி நின்றுபோன குளிர்விப்பான்தான் நினைவுக்கு வரும். தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை எப்போதோ தீர்த்து வைத்துவிட்டது. சூடான பால் தானே ஆறுகிறது. நாம் அதை ஆற்றுகிறோம். ஆறுதல் தன்வினை, ஆற்றுதல் பிறவினை. விசிறி வைத்தால் ஆற்றும் பெட்டி, வைக்காவிட்டால் ஆறும் பெட்டி. ‘தானாறும் கணினி’ என்று சொல்லிப் பாருங்கள், விளக்கவுரையே தேவைப்படாது. ‘விசிறியில்லாக் கணினி’ இல்லாததைச் சொல்லிப் பெயரிடுகிறது. ‘தானாறும் கணினி’ அங்கே நடப்பதைச் சொல்லிப் பெயரிடுகிறது. இரண்டும் இருக்கட்டும் என்பேன், ஆனால் என் மனம் இரண்டாவதின் பக்கம்.

விசிறி என்ற சொல்லையும் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். விசிறுதல் என்றால் வீசுதல், இறைத்தல். ‘சிவிறி’ என்ற வடிவமும் உண்டு; எழுத்துகள் முன்பின்னாக மாறி நிற்பதற்குத் தசை, சதையோடு விசிறி, சிவிறியையும் இலக்கணத்தார் எடுத்துக்காட்டாகத் தருவார்கள். ஆங்கிலத்தின் ‘ஃபேன்’ லத்தீனில் தானியம் தூற்றும் கூடைக்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. இரண்டு மொழியிலும் காற்றைவிட இறைக்கும் செயலே முன்னால் நிற்கிறது.

விசிறியில்லாதது எல்லாம் ஓசையில்லாதது இல்லை. மின்வழங்கியிலும் தாய்ப்பலகையிலும் உள்ள கம்பிச்சுருள்கள் சுமை ஏறும்போது மெல்லிய கீச்சொலி எழுப்புவதுண்டு. விசிறி ஓடும் பெட்டியில் அது இரைச்சலுக்குள் மறைந்திருக்கும். விசிறியை எடுத்ததும் அதுதான் முதலில் காதில் விழும். ஆகவே ‘ஓசையற்ற’ என்ற அடைமொழியைச் சுழலும் வட்டு, சுருளின் கீச்சொலி எல்லாவற்றையும் நீக்கிய பெட்டிக்கு மட்டும் தருவது நேர்மை. படம் பார்க்கும் கணினியில் இதைச் சாதிப்பது ஓரளவு எளிது. சுருக்கி வைத்த காட்சியை விரித்துப் படமாக்கும் வேலையைச் செயலிக்குள் அதற்கென்றே உள்ள தனிச்சுற்று செய்துவிடும். இன்டெல் என்100 போன்ற, 6 வாட் வெப்பத்துக்கென வடிவமைத்த செயலியே உயர்தரப் படத்தைத் தடையின்றி ஓட்டும். வடிக்க வேண்டிய வெப்பமும் குறைவு.

‘வெப்ப ஏற்பி’க்கு மறுபடி வருகிறேன், அதைத் தள்ளிவிட மனமில்லை. கார்னோ இயந்திரத்தைப் படிக்கும்போது வெப்பமூலம் ஒருபுறம், வெப்ப ஏற்பி மறுபுறம் என்று படிக்கிறோம். எவ்வளவு வாங்கினாலும் வெப்பநிலை மாறாதது ஏற்பி. ஆங்கிலம் அதையும் சிங்க் என்கிறது, செயலியின்மேல் உட்காரும் உலோகத்தையும் சிங்க் என்கிறது. தமிழில் இரண்டையும் பிரித்தே எழுதலாம். நம் பெட்டியில் வெப்பமூலம் செயலி. இதழ்களோடு நிற்கும் அலுமினியம் வெப்ப வடிகால். அறையில் நிறைந்திருக்கும் காற்றுதான் வெப்ப ஏற்பி. கதவு போட்ட அடுக்கில் நான் பூட்டி வைத்தபோது வடிகால் நன்றாகத்தான் இருந்தது. ஏற்பியிடமிருந்து அதைப் பிரித்துவிட்டேன்.