பேட்ச் என்றால் 'இணைப்பு' அல்ல, ஒட்டு

"இணைப்பில் உள்ள வழிகாட்டியைப் படித்த பிறகே இணைப்பை இணைக்கவும்." கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்குப் பங்களிக்க ஆசைப்பட்டு, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியைக் கற்கத் தொடங்கிய என் தங்கை மகள், இந்த வரியைக் காட்டி "எந்த இணைப்பு மாமா?" என்று கேட்டாள். முதல் இணைப்பு லிங்க். இரண்டாவது பேட்ச், அதாவது நிரலில் செய்ய வேண்டிய மாற்றங்களைத் தாங்கிய கோப்பு. கடைசியில் உள்ளது மெர்ஜ், அதாவது அந்த மாற்றங்களை மூல நிரலோடு சேர்ப்பது. மூன்றுக்கும் ஒரே சொல்! பேட்சை 'இணைப்பு' ஆக்கும் இந்தப் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமலிருக்க முடியவில்லை.

பேட்ச் என்பது கிழிந்த துணிமேல் வைத்துத் தைக்கும் துண்டு. கணினிக்கும் அது நேர்ப்பொருளிலேயே வந்தது. 1944-இன் ஹார்வர்ட் மார்க் I காலத்தில் நிரல் என்பது துளையிட்ட காகித நாடா. தவறாக விழுந்த துளையின்மேல் துண்டு ஒட்டி மூடினார்கள். 1985-இல் நிரலர் லாரி வால், இத்தகைய மாற்றங்களை நிரலில் தானாகச் செய்யும் 'பேட்ச்' என்ற கருவியை எழுதியபோது அந்தத் துண்டு வெறும் உரைக்கோப்பாகியிருந்தது.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. ஒட்டுப்போட்ட சட்டை என்று நம் வீடுகளில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? என் பாட்டி தலையணை உறைக்கு ஒட்டுப் போடும்போது துண்டைக் கிழிசலைவிட இரண்டு விரல் பெரிதாக வெட்டுவார். "நல்ல துணியிலதான்டா தையல் பிடிக்கும்" என்பார். ஒரு பேட்ச் கோப்பைத் திறந்து பாருங்கள். நீக்கும் வரிகளுக்குக் கழித்தல் குறி, சேர்க்கும் வரிகளுக்குக் கூட்டல் குறி. அவற்றுக்கு மேலும் கீழும் பொதுவாக மும்மூன்று வரிகள் எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கும். அதுதான் பாட்டியின் இரண்டு விரல். அந்த வரிகளை வைத்துத்தான் கருவி இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மூல நிரலில் அந்த இடம் அதற்குள் மாறிப்போயிருந்தால் ஒட்டு ஒட்டாது. இதை 'இணைப்பு' என்ற சொல்லால் சொல்லிப் பாருங்கள்: இணைப்பு இணையவில்லை. நெட் போய்விட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

'திருத்தம்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இணைப்பைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும் பேட்சில் திருத்த என்ன இருக்கிறது? தவிர, கிட்டில் ஏற்கெனவே பதிந்த மாற்றத்தையே (கமிட்) மாற்றி எழுதும் 'அமெண்ட்' கட்டளைக்குத் திருத்தம் தேவைப்படும். ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு அனுப்பித்தான் இந்தக் குழப்பமே வந்தது.

ஒட்டு என்றால் காப்பி-பேஸ்ட்டில் வரும் ஒட்டுதானே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது வினை, ஏவல். இது பெயர்ச்சொல், ஒட்டு போடு, ஒட்டை அனுப்பு, ஒட்டைப் பிரி என்றுதான் வரும். முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கணத்திலும் பெயராகவே பழகியிருக்கிறோம்.

கிட் போன்ற பரவல் முறையில் இந்தச் சொல் தெளிவாக இருப்பது இன்னும் முக்கியம். ஒவ்வொருவர் கணினியிலும் நிரலின் முழு மாற்ற வரலாறும் இருக்கிறது; அப்புறம் ஆளுக்கு ஆள் கைமாறுவது மாற்றங்கள் மட்டுமே. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கியதே லினக்ஸ் கருநிரலுக்குக் (கெர்னல்) குவிந்த ஒட்டுகளைச் சமாளிக்கத்தான். இன்றும் அங்கே ஒட்டுகள் மின்னஞ்சலில்தான் போகின்றன. முதன்முதலாகப் பங்களிக்க வருபவர் கையில் எடுக்கும் பொருளே ஒட்டுதான். அதன் பெயரிலேயே அவரைத் தடுக்கிவிழ வைப்பது சரியா?

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான்: சொற்பட்டியலை மட்டும் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. ஒட்டுப் போடும் 'கிட் அப்ளை' கட்டளையை ஒருமுறை ஓட்டி, ஒட்டு ஒட்டாமல் திரும்புவதைப் பார்த்தவர் இணைப்பு என்று எழுதியிருக்க மாட்டார். அகராதியில் பேட்சுக்கு எதிரே எத்தனை சொல் இருந்தாலும், கட்டளையை ஓட்டிப் பார்க்காமல் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

தங்கை மகளுக்கு அந்த வரியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: "இணைப்பில் உள்ள வழிகாட்டியைப் படித்த பிறகே ஒட்டைச் சேர்க்கவும்." அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, வழிகாட்டியைத் திறந்துவிட்டாள்.